பச்சைத் தீவின் கதை – 23: காலி நாற்காலிகளுக்கு நடுவே

சென்ற வாரம் மைக்கேல் காலின்ஸின் இறுதி ஊர்வலத்தோடு நிறுத்தியிருந்தோம். 1922 ஆகஸ்டில் பத்தே நாள் இடைவெளியில் புதிய அயர்லாந்து தன் இரண்டு பெருந்தலைவர்களையும் பறிகொடுத்தது. 12ஆம் தேதி ஆர்தர் கிரிஃபித் திடீரென்று இறந்தார். 22ஆம் தேதி, சொந்த மாவட்டமான கார்க்கில், பேல் நா பிளா என்ற இடத்தில் பதுங்கியிருந்தவர்களின் துப்பாக்கிக்குக் காலின்ஸ் பலியானார். ஆட்சி வில்லியம் காஸ்கிரேவின் தலையில் விழுந்தது. அவருக்கு வயது 42. படைக்குப் பொறுப்பான ரிச்சர்ட் மல்காஹிக்கு 36. உள்துறை அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸுக்கு 30தான் ஆகியிருந்தது. ரயில் பாதைகள் பெயர்க்கப்படுகின்றன, பாலங்கள் தகர்க்கப்படுகின்றன, நேற்றுவரை ஒரே பாசறையில் உறங்கியவர்கள் இன்று ஒருவரையொருவர் குறிபார்க்கிறார்கள். இந்த நாட்டைத்தான் அந்த இளைஞர்கள் ஆளவேண்டியிருந்தது.

அதெல்லாம் சரி, இவ்வளவு நடக்கும்போது நாடாளுமன்றம் எங்கே போயிற்று?

கூடவே இல்லை. ஜூன் 16ஆம் தேதி தேர்தல் நடந்தது. ஜூலை முதல் தேதி புதிய அவை கூட வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னதாக, ஜூன் 28 அதிகாலையில், பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளால் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தை அரசுப்படை தாக்கத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் மூண்டது. அவைக்கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. மறுபடி தள்ளிப்போடப்பட்டது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அவை கூடாமலேயே ஒரு போர் இரண்டு மாதம் நடந்தது என்பதை இன்று படிக்கும்போது விசித்திரமாக இருக்கிறது. அன்று அதை விசித்திரம் என்று உரக்கச் சொன்னது ஒரு கட்சிதான். ஆகஸ்ட் 26ஆம் தேதிக்குள் அவையைக் கூட்டாவிட்டால் எங்கள் உறுப்பினர்கள் அத்தனை பேரும் பதவி விலகுவார்கள் என்று தொழிலாளர் கட்சி கெடு வைத்தது.

தொழிலாளர் கட்சி சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அந்த ஜூன் தேர்தல்தான். விடுதலைப் போராட்டத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் என்று 1918இலும் 1921இலும் ஒதுங்கிக்கொண்ட கட்சி அது. இம்முறை 18 பேரை நிறுத்தியது. 17 பேர் ஜெயித்தார்கள். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தமா, முழுக் குடியரசா என்று இரு தரப்பும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த தேர்தலில், வேலை, கூலி, வீடு என்று பேசியவர்களுக்கு இப்படி விழுந்த ஓட்டை யாரும் எதிர்பார்க்கவில்லை. 128 பேர் கொண்ட அவையில் ஒப்பந்த ஆதரவாளர்கள் 58. குடியரசுவாதிகளின் தலைவர் டி வலேராவின் பக்கம் நின்ற ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் 36. விவசாயிகள் கட்சிக்கு ஏழு. மற்றவர்கள் சுயேச்சைகள்.

கணக்குப்படி எதிர்க்கட்சி 36 பேர் கொண்ட குடியரசுவாதிகள்தான். ஆனால் அவர்கள் இந்த அவையை ஏற்கவில்லை. சிலர் சிறையில் இருந்தார்கள், சிலர் மலைகளில் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுடைய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் என்ற பொறுப்பு, யாரும் பட்டம் கட்டாமலேயே, தொழிலாளர் கட்சித் தலைவர் தாமஸ் ஜான்சனிடம் வந்து சேர்ந்தது.

இவரைப் பற்றி முன்பு ஓரிடத்தில் பெயரளவில் சொல்லிப்போனோம். 1919 ஜனவரியில் முதல் டாயில் (ஐரிஷ் நாடாளுமன்றம்) கூடியபோது வாசிக்கப்பட்ட ஜனநாயகத் திட்டத்தின் முதல் வரைவு இவருடைய கையெழுத்தில் உருவானது. ஜான்சன் பிறப்பால் ஐரிஷ்காரர் அல்லர். லிவர்பூலில் 1872இல் பிறந்த ஆங்கிலேயர். இளம் வயதிலேயே பள்ளியை விட்டவர். மீன் வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலையாகவே அயர்லாந்தின் தென்கரைத் துறைமுகங்களுக்கு வந்தார். பிறகு பெல்ஃபாஸ்டில் குடியேறினார். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி ஆனார், தொழிற்சங்கத்துக்குள் நுழைந்தார். 1918இல் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நாடே வேலைநிறுத்தம் செய்ததே, அதை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர். 1922 ஏப்ரல் 24ஆம் தேதி, துப்பாக்கி ஏந்தியவர்கள் நாட்டை ஆட்டிப்படைப்பதைக் கண்டித்து இன்னொரு பொது வேலைநிறுத்தம் நடந்தபோதும் முன்னணியில் இருந்தார். சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் ஒரு மசோதாவை வரிவரியாகப் பிரித்துப்போட்டுப் பார்க்கும் வழக்கறிஞர் மூளை அவருக்கு இருந்தது. கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினின் குரல் அவருக்கு இல்லை. லார்கின் அப்போது அமெரிக்கச் சிறையில் இருந்தார். திரும்பி வந்து ஜான்சனுக்கு என்ன செய்தார் என்பது பின்னால் வரும்.

செப்டம்பர் 9, சனிக்கிழமை. ஒருவழியாக அவை கூடியது. இடம், ராயல் டப்ளின் சங்கத்துக்குச் சொந்தமான லென்ஸ்டர் மாளிகையின் விரிவுரை அரங்கம். விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்காகக் கட்டிய, படிப்படியாக உயரும் இருக்கைகள் கொண்ட அந்த மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். இன்றுவரை டாயில் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு வேடிக்கையும் நடந்தது. குடியரசுவாதிகளில் ஒரே ஒருவர், லாரன்ஸ் கின்னல், அவைக்கு வந்துவிட்டார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப்போடச் சொன்னார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரியவேண்டும், இது அயர்லாந்து முழுமைக்குமான டாயிலா, அல்லது பிரிவினை நாடாளுமன்றமா என்று கேட்டார். பதில் வரவில்லை. விடாமல் கேட்டார். கடைசியில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அவையில் எழுந்த முதல் சங்கடமான கேள்விக்கு அரசு தந்த பதில், கேட்டவரை வாசலுக்கு அனுப்பியதுதான். ஜான்சனை அப்படி அனுப்ப முடியாது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்.

முதல் மோதல் தபால்காரர்களால் வந்தது. விலைவாசிப் படியை அரசு வெட்டியதால் செப்டம்பர் 10ஆம் தேதி தபால், தந்தி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று ஆட்சியாளர்கள் அறிவித்தார்கள். தபாலகங்களின் முன் மறியல் செய்தவர்களைக் கலைக்கப் படைவீரர்கள் வந்து நின்றார்கள். ஜான்சன் எழுந்தார். பிரிட்டிஷார் காலத்தில் இருந்த உரிமை சுதந்திர அரசில் எப்படி இல்லாமல் போயிற்று என்பதே அவர் வாதத்தின் சாரம். அமைச்சர்கள் அசையவில்லை. மாத இறுதியில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஊழியர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் சுபாவம் அப்போதே தெரிந்துவிட்டது. எதிர்ப்பு எங்கிருந்து வந்தாலும் அதில் ஒரு கலகத்தைப் பார்த்தார்கள். அதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே உண்மையாகவே ஒரு கலகம் நடந்துகொண்டிருந்தது.

அதே மாதக் கடைசியில் வந்ததுதான் பெரிய விஷயம். ராணுவத்துக்கு அவசர அதிகாரம் கேட்டு ஒரு தீர்மானம். அரசுப்படையைத் தாக்குவது, கொள்ளை, தீவைப்பு, வெடிமருந்து, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது, இவை எல்லாவற்றையும் ராணுவ நீதிமன்றமே விசாரிக்கும். மரண தண்டனைவரை விதிக்கலாம். இது சட்டமல்ல, அவையின் வெறும் தீர்மானம் என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய அரசியல் சாசனம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. முறையான சட்டம் இயற்ற அரசுக்கு வழியில்லை. ஆகவே ஒரு தீர்மானத்தின் பலத்தில் மனித உயிரை எடுக்க ஏற்பாடு நடந்தது. (அடுத்த ஆண்டு ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டு, நடந்தவற்றுக்கெல்லாம் பின்தேதியிட்டுப் பூசி மெழுகினார்கள்.)

ஜான்சன் எதிர்த்தார். நீங்கள் ராணுவ சர்வாதிகாரத்துக்குக் கதவு திறக்கிறீர்கள் என்று எச்சரித்தார். அரசு தரப்பில் சொன்ன நியாயமும் லேசானதல்ல. எங்கள் வீரர்கள் சாலை வளைவுகளில் சுடப்பட்டுச் சாகிறார்கள். பிடிபட்டவன் சிறையில் போர் முடியும்வரை சௌகரியமாக இருந்துவிட்டு வெளியே வருவான் என்றால் எவன் துப்பாக்கியைக் கீழே போடுவான் என்றார்கள். தீர்மானம் பெரும் பெரும்பான்மையில் நிறைவேறியது. ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு மன்னிப்பு என்று அக்டோபரில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி கத்தோலிக்க ஆயர்கள் ஒரு கூட்டறிக்கை விட்டு, ஒப்பந்தத்தை எதிர்த்துப் போரிட்ட குடியரசுப் படையைக் கண்டித்தார்கள். ஆட்சிக்குத் திருச்சபையின் ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டது.

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. காலையில் கில்மெய்னம் சிறையில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பீட்டர் காசிடி, ஜேம்ஸ் ஃபிஷர், ஜான் காஃப்னி, ரிச்சர்ட் டூஹிக். இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்த டப்ளின் பையன்கள். தலைவர்கள் அல்லர், பெயர் பெற்ற வீரர்களும் அல்லர். குற்றம், அனுமதியின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்தது. நாட்டுக்குச் செய்தி தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கில்மெய்னம் என்ற பெயரே ஐரிஷ் காதுக்கு என்னவென்று இத்தொடரின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1916இல் எழுச்சித் தலைவர்கள் பியர்ஸையும் கானலியையும் பிரிட்டிஷார் சுட்ட இடம். அதே வளாகத்தில் சுதந்திர அரசு தன் முதல் மரண தண்டனைகளை நிறைவேற்றியது.

அன்றே அவையில் ஜான்சன் பிரச்சினையைக் கிளப்பினார். அவர் கோபத்தில் பேசக்கூடியவர் அல்லர், அடுக்கடுக்காகக் கேட்பவர். துப்பாக்கி வைத்திருந்ததைத் தவிர இவர்கள் மேல் வேறென்ன குற்றச்சாட்டு? துப்பாக்கி வைத்திருப்பதற்கே மரணம் என்றால் இன்று இந்த நாட்டில் எத்தனை பேரைச் சுடவேண்டியிருக்கும்? அவர் கேட்டதன் சாரம் இதுதான். மல்காஹி பதில் சொன்னார். மனித உயிரை எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த நாட்டுக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தாவது உணர்த்தவேண்டியிருக்கிறது என்ற பொருள்பட இருந்தது அந்தப் பதில். உயிரின் அருமையை உணர்த்த நான்கு உயிர்! இதைச் சொன்ன மல்காஹி கொடூரமானவர் அல்லர் என்பதுதான் இதில் யோசிக்கவேண்டியது. பக்திமான், கேலிக் மொழிப் பற்றாளர், சொந்த வாழ்க்கையில் மென்மையானவர்.

ஓ'ஹிக்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சாதாரண ஆட்களை முதலில் எடுத்தது ஏன் என்பதற்கு அவர் ஒரு விளக்கம் தந்தார். முதல் வழக்காகவே பிரபலமான ஒருவனை எடுத்திருந்தால், தலைவன் என்பதால் கொன்றார்கள், அல்லது ஆங்கிலேயன் என்பதால் கொன்றார்கள் என்று ஏமாளிகள் சொல்லிவிடுவார்கள் என்றார். அவை சட்டென்று புரிந்துகொண்டது. எர்ஸ்கின் சில்டர்ஸ் ஒரு வாரத்துக்கு முன்பு விக்லோ மாவட்டத்தில் பிடிபட்டிருந்தார். ஆங்கிலத் தந்தைக்கு லண்டனில் பிறந்தவர், நாவலாசிரியர், ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் குழுவின் செயலாளராக இருந்து பிறகு டி வலேரா பக்கம் போனவர். அவர்மேல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து யார் என்று அமைச்சர் அவையில் கோடி காட்டிவிட்டார். எதிரே இருந்த எதிர்க்கட்சித் தலைவரும் ஓர் ஆங்கிலேயர் என்பது அந்த நிமிடம் யாருக்காவது உறைத்ததோ என்னவோ.

சில்டர்ஸின் வழக்கில் நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. அது முடியும்வரை காத்திருக்காமல் நவம்பர் 24ஆம் தேதி பெக்கர்ஸ் புஷ் பாசறையில் அவரைச் சுட்டார்கள். 30ஆம் தேதி மேலும் மூவர்.

குடியரசுப் படையின் தலைமைத் தளபதி லியாம் லிஞ்ச் பதிலுக்கு ஓர் உத்தரவு போட்டார். அவசர அதிகாரத் தீர்மானத்துக்கு வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கண்ட இடத்தில் சுடலாம். அவைத்தலைவர் மைக்கேல் ஹேய்ஸுக்குக் கடிதமே வந்தது. மிரட்டல் என்று நினைத்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி, ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஓராண்டு நிறைவில், ஐரிஷ் சுதந்திர அரசு முறைப்படி பிறந்தது. சாசனம் அமலுக்கு வந்தது. சட்டத்தின் வழியன்றி யாருடைய தனிமனிதச் சுதந்திரமும் பறிக்கப்படாது என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் பிற்பகல் லிஃபி நதிக்கரையில் ஆர்மண்ட் ஓட்டலிலிருந்து அவைக்குப் புறப்பட்ட இரண்டு உறுப்பினர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. துணை அவைத்தலைவர் பாட்ரிக் ஓ மாலி காயத்தோடு தப்பினார். ஷான் ஹேல்ஸ் இறந்தார். கார்க்கின் பழைய போராளி அவர். அவருடைய உடன்பிறந்த தம்பி டாம் ஹேல்ஸ் எதிரணிப் படையில். காலின்ஸைக் கொன்ற அந்தத் தாக்குதலுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான்.

அன்றிரவு அமைச்சரவை கூடியது. விடிவதற்குள் முடிவு எடுத்தார்கள்.

மவுண்ட்ஜாய் சிறையில் நான்கு பேர் ஐந்து மாதத்துக்கு மேலாக அடைபட்டுக் கிடந்தார்கள். ஃபோர் கோர்ட்ஸ் சரணடைந்த ஜூன் 30ஆம் தேதி பிடிபட்டவர்கள்: ரோரி ஓ'கானர், லியாம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, டிக் பாரட். அவசர அதிகாரத் தீர்மானம் வந்தபோதே அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். ஹேல்ஸைச் சுட்டது யாரென்றே அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நள்ளிரவு கழிந்த நேரத்தில் அவர்களை எழுப்பிச் செய்தி சொன்னார்கள். டிசம்பர் 8 காலையில், மாசற்ற அன்னையின் பெருவிழா நாளன்று, சிறை முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை இல்லை. குற்றச்சாட்டு இல்லை. அரசின் அறிவிப்பு எதையும் மறைக்கவும் இல்லை. ஹேல்ஸ் கொலைக்குப் பழிவாங்கலாகவும், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகவும் இது செய்யப்பட்டது என்று அச்சடித்தே வெளியிட்டார்கள்.

அவை கூடியது. ஹேல்ஸின் இருக்கை காலி. 36 நாற்காலிகள் ஏற்கெனவே காலி. ஜான்சன் எழுந்தார்.

அன்றைய பேச்சு முழுவதும் சுருக்கெழுத்தாளர்களின் பதிவேட்டில் இருக்கிறது. படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது: அவர் ஹேல்ஸின் கொலையைச் சாக்குச் சொல்லி மழுப்பவில்லை. அது மோசமான கொலை என்பதில் அவருக்கு இரண்டு கருத்து இல்லை. அதனால்தான் அடுத்துச் சொன்னது அமைச்சர்களுக்கு வலித்தது. இந்த நால்வரும் உங்கள் காவலில் இருந்தார்கள். அவர்களைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் அவர்களை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை, எந்தக் குற்றமும் சாட்டவில்லை. நேற்று வேறு யாரோ செய்த காரியத்துக்காக இன்று இவர்களைக் கொன்றிருக்கிறீர்கள். சட்டம் என்ற பாவனைகூட இதில் இல்லை. இப்படிப் போயிற்று அவர் வாதம். நிதானமான அந்த மனிதர் கடைசியில் ஷேக்ஸ்பியரிடம் போனார். கொலையுண்ட தந்தையின் ஆவி ஹாம்லெட்டிடம் சொல்லும் வரியை எடுத்து அமைச்சர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு வந்தது, இன்றுவரை ஐரிஷ் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறும் வாக்கியம்: புதிய அரசைப் பிறக்கும்போதே கொன்றுவிட்டீர்கள் என்று சொல்லும் நிலைக்கு நான் கிட்டத்தட்டத் தள்ளப்பட்டிருக்கிறேன்.

‘கிட்டத்தட்ட’ என்ற அந்த அடைமொழியில் முழு ஜான்சனும் இருக்கிறார். இன்னொருவராக இருந்தால் அன்றைக்கு அவையைவிட்டு வெளியேறியிருப்பார். அவர் வெளியேறவில்லை. வெளியேறியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கட்சியின் கஹல் ஓ'ஷானன் அவருக்குத் துணையாகப் பேசினார். இன்னொரு குரல் ஆட்சிக்கு அதிகச் சங்கடம் கொடுத்தது: ஜார்ஜ் கவன் டஃபி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். வெளியுறவு அமைச்சராக இருந்து, விடுதலைப் போர்க்காலத்தில் மக்கள் நம்பிய டாயில் நீதிமன்றங்களை அரசு கலைத்ததைக் கண்டித்து ஜூலையில் பதவி விலகியவர். அவரைப் பார்த்து, நீ ஒப்பந்தத்தின் எதிரி என்று சொல்லி வாயை அடைக்க முடியாது.

மல்காஹியும் காஸ்கிரேவும் அசைந்து கொடுக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகளைக் கொன்று நாடாளுமன்றத்தையே இல்லாமல் செய்யப் பார்க்கிறார்கள், பயங்கரத்தை அதன் வழியில்தான் சந்திக்க முடியும் என்பது அவர்களுடைய நிலை. சட்டம் எங்கே என்ற கேள்விக்கு அவர்கள் சொன்னதெல்லாம் அவசியம் என்ற ஒரே பதில். பிறகு ஓ'ஹிக்கின்ஸ் எழுந்தார். பழிவெறியில் செய்தீர்கள் என்ற குற்றச்சாட்டு அவரைத் தைத்திருந்தது. தனிப்பட்ட வன்மமா, கடவுளே! பழிவெறியா! அந்த நால்வரில் ஒருவன் என் நண்பன் என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நண்பன் ரோரி ஓ'கானர். 1921 அக்டோபரில் ஓ'ஹிக்கின்ஸுக்குத் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்தான். அமைச்சரவையில் கடைசிவரை தயங்கி, வேறு வழியே இல்லையா என்று கேட்டு, இறுதியில் இசைந்தவர் ஓ'ஹிக்கின்ஸ் என்று பின்னாளில் தெரியவந்தது. கல்யாணத்துக்கும் கொலைக்களத்துக்கும் நடுவே 14 மாதம்கூட இல்லை. திரைக்கதை எழுதுகிறவர்கள்கூட இப்படி எழுதக் கூச்சப்படுவார்கள்.

வாக்கெடுப்பில் அரசு சுலபமாக ஜெயித்தது. டப்ளின் பேராயர் எட்வர்ட் பர்ன் காஸ்கிரேவுக்குக் கடிதம் எழுதி, இது நியாயமில்லை என்று கண்டித்தார். ஆனால் அந்தரங்கமாக. வெளிப்படையாகக் கண்டிக்கும் வேலை அந்தப் பதினேழு பேர் கட்சிக்கும் டஃபி போன்ற சிலருக்கும்தான் விடப்பட்டிருந்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 128 இடங்களில் ஆட்சியின் சொந்த பலம் 58. பாதிக்குக் குறைவு. வராமல் இருந்த 36 பேரும் வந்து உட்கார்ந்திருந்தால், தொழிலாளர் கட்சியோடு சேர்த்து எதிர்வரிசையில் 53 பேர். விவசாயிகளும் சுயேச்சைகளும் பெரும்பாலும் காஸ்கிரேவையே ஆதரித்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் வியர்வை சிந்த வேண்டியிருந்திருக்கும். டிசம்பர் 8 காலையில் நிறைவேற்றிய முடிவை அன்று பிற்பகலே அப்படிப்பட்ட அவையில் நியாயப்படுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால், முதல்நாள் இரவு அமைச்சரவையில் ஓ'ஹிக்கின்ஸின் தயக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம் கிடைத்திருக்காதா? கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். குடியரசுவாதிகள் இதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பார்வையில் ஜான்சன்தான் தப்புச் செய்தவர். எதிர்க்கட்சி என்ற வேஷம் கட்டி அந்த அவைக்கு ஒரு நாடாளுமன்றக் களையைக் கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு. கேள்வி கேட்க ஒருவர் இருந்ததால்தான் பதில் சொல்கிற அரசு என்ற பெயர் காஸ்கிரேவுக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தப் பதில்கள்தான் அவர்களைப் பின்னாளில் துரத்தின. பழிவாங்கல் என்று அவர்களே ஒப்புக்கொண்டதும், சட்டத்தின் இடத்தில் அவசியத்தை வைத்ததும் மந்திரிகளின் சொந்த வாயால் பதிவாகிவிட்டன. கதவை மூடிக்கொண்டு எடுத்த முடிவு கதவு மூடியபடியே போயிருந்தால், இன்று நமக்கு ஓர் அறிவிப்பும் நான்கு பெயர்களும்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டிசம்பர் 8க்குப் பிறகு அந்தப் போரில் வேறு எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் சுட்டுக் கொல்லப்படவில்லை. பார்த்தீர்களா, பலித்தது என்று ஆட்சித் தரப்பு ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் உறுப்பினர்களின் வீடுகள் எரிந்தன. மரண தண்டனைகளும் நிற்கவில்லை. 1923 ஜனவரியில் மட்டும் 34 பேர். டப்ளினைத் தாண்டி டிராலி, லிமரிக், அத்லோன் என்று வெளியூர்ப் பாசறைகளிலும் துப்பாக்கி வரிசைகள் நின்றன. போர் ஓய்ந்தபோது மொத்தம் 77 என்ற எண் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய விடுதலைப் போரில் பிரிட்டிஷார் நிறைவேற்றிய மரண தண்டனைகள் 24.

1923 ஏப்ரல் 10ஆம் தேதி லியாம் லிஞ்ச் மலைச்சரிவில் சுடப்பட்டு இறந்தார். மே 24ஆம் தேதி ஆயுதங்களைப் புதைத்துவிட்டு வீடு திரும்புங்கள் என்று குடியரசுப் படைக்கு உத்தரவு போயிற்று. ஆகஸ்டில் மறுபடி தேர்தல். இப்போது அவையில் 153 இடங்கள். காஸ்கிரேவின் புதிய கட்சிக்கு 63. டி வலேராவின் ஆட்களுக்கு, ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருந்த நிலையிலும், 44. போர் முழுக்க அவையில் தனியாக நின்று வாதாடிய தொழிலாளர் கட்சி 17இலிருந்து 14ஆகக் குறைந்தது. ஆட்சியை ஆதரித்தவர்கள் ஜான்சனைக் கலகக்காரர்களின் வக்கீல் என்றார்கள். எதிர்த்தவர்கள் ஆட்சியின் அலங்காரப் பொம்மை என்றார்கள். இரண்டு பக்கமும் ஓட்டுப் போடவில்லை. போதாததற்கு அந்த ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய லார்கின் தொழிற்சங்கத்தையே இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தார்.

44 பேரும் மறுபடி அவைக்கு வர மறுத்தார்கள். நாற்காலிகள் முன்பைவிட அதிகமாகக் காலியாயின. ஜான்சன் மறுபடி எதிர்வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு ஷில்லிங்கை வெட்டினார். வாரம் பத்து ஷில்லிங் ஒன்பதாயிற்று. ஜான்சன் எழுந்து கேட்டார். அதே 1924 அக்டோபரில், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிய விவாதத்தில், தொழில்துறை அமைச்சர் பாட்ரிக் மெக்கிலிகன், இந்த நாட்டில் மக்கள் சாக நேரலாம், பட்டினியால் சாகவும் நேரலாம் என்று பேசினார். பெரும்பஞ்சத்தின் நினைவு ஆறாத தேசத்தில், மந்திரி ஒருவர் வாயிலிருந்து வந்த பேச்சு இது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஒரு ஷில்லிங்கைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்ட கேள்விகள்தான் இந்த அரசை உள்ளூர அரிக்கத் தொடங்கின. அந்த அறுவடை ஜான்சனுக்குக் கிடைத்ததா, வெளியே காத்திருந்த டி வலேராவுக்குக் கிடைத்ததா?

அடுத்த வாரம்: டி வலேரா பைபிளை ஒதுக்கிவைத்துவிட்டு அவைக்குள் நுழைந்த கதையும், 71க்கு 71 என்று நின்ற வாக்கெடுப்பில் ஸ்லைகோ உறுப்பினர் ஜான் ஜிங்க்ஸ் காணாமல் போன கதையும்.